காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை

நீங்கள் கேட்டது இது: பழைய சீன வரலாற்றில் பொறுமைக்கும் விடாமுயற்சிக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறவர்களிடமிருந்து உண்மையில் என்ன கற்கலாம்? பித்தப்பையை நக்கிய அரசனின் கதையைத் தவிர வேறு ஏதாவது உண்டா?

முதலில் ஒன்றை ஒதுக்கிவைத்துவிடுவோம். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் ஊற்றியும் தலைகாட்டாமல் கிடந்து, பிறகு சில வாரங்களில் எண்பது அடி வளர்ந்துவிடும் 'சீன மூங்கில்' தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் மேடையில் மட்டுமே வளர்கிறது. சீன வரலாற்றிலும் அது இல்லை, தாவரவியலிலும் இல்லை. அதற்கு இவ்வளவு கைதட்டல் கிடைப்பதற்குக் காரணம், தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் போதும் என்று அது சொல்வதுதான். பழைய சீன வரலாற்று நூல்கள் சொல்வது வேறு. அவற்றில் வரும் பொறுமைக் கதைகளைப் படிக்கும்போது நான் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வேன். காத்திருந்த காலத்தில் அந்த மனிதர் என்ன வேலை செய்தார்? அவருடைய பொறுமை தீர்ந்துபோன நேரத்தில் யார் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்?

நீங்கள் அலுத்துக்கொண்ட அந்த அரசனிலிருந்தே தொடங்குகிறேன். எல்லோரும் சொல்லும் கதைதான், ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

யாங்சி ஆறு கடலில் கலக்கும் பகுதியில் வூ, யுவே என்று இரண்டு அண்டை நாடுகள் இருந்தன. வூவின் தலைநகர் இன்றைய சூசோ நகரம். யுவேயின் தலைநகர் கைஜி, இன்றைய ஷாவ்ஷிங். கி.மு. 496-இல் வூ அரசன் யுவேயின் மீது படையெடுத்துப் போய்க் காயம்பட்டு இறந்தான். அவன் மகன் ஃபூசாய், தான் வரும்போதும் போகும்போதும் "உன் தந்தையை யுவே அரசன் கொன்றதை மறந்துவிட்டாயா?" என்று கேட்பதற்கென்றே ஓர் ஆளை முற்றத்தில் நிறுத்தினான். அவன் படை திரட்டுகிறான் என்று கேள்விப்பட்ட யுவே அரசன் கௌஜியான், அமைச்சர் ஃபான் லி தடுத்தும் கேட்காமல், முந்திக்கொண்டு தாக்கினான். கி.மு. 494-இல் நடந்த அந்தப் போரில் அவன் படை சிதறியது. மிஞ்சிய 5,000 பேருடன் கைஜி மலையில் ஏறி நின்றான். மலையைச் சுற்றி எதிரிப் படை. பொறுமையின் திருவுருவமாக இன்று காட்டப்படுகிறவன் அந்த மலைக்கு வந்து சேர்ந்ததே பொறுமை இல்லாததால்தான்.

இன்னொரு அமைச்சரான வென் ஜொங், வூவின் அமைச்சர் போ பிக்குக் கையூட்டுக் கொடுத்து உயிர்ப்பிச்சை பெற்றுத் தந்தார். வூவின் மூத்த அமைச்சர் வூ சிஷு மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்: இப்போது விட்டால் பத்தாண்டு மக்களைப் பெருக்குவான், பத்தாண்டு பயிற்சி கொடுப்பான், இருபது ஆண்டு கழித்து நம் நாடு சதுப்பு நிலமாகக் கிடக்கும் என்றார். யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் உங்களுக்குத் தெரிந்த காட்சி. இருக்கைக்கு மேலே பித்தப்பையைத் தொங்கவிட்டு, உண்ணும்போதெல்லாம் அதைச் சுவைத்து, "கைஜியின் அவமானத்தை மறந்துவிட்டாயா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான். விறகின்மேல் படுத்துறங்கினான் என்பது பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டவைத்தது. இந்த வரலாற்றை எழுதிய சிமா சியானின் நூலில் பித்தப்பை மட்டும்தான் உண்டு. ஃபூசாயின் மலத்தைச் சுவைத்து நோயறிந்து சொன்னான் என்பதும் பின்னால் வந்த கதைதான்.

என்னைக் கேட்டால், பித்தப்பையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாள்தோறும் கசப்பை நினைவுபடுத்திக்கொள்வதை ஃபூசாயும்தான் செய்தான், அதற்கு ஆளே வைத்திருந்தான். வேறுபாடு மற்றப் பட்டியலில் இருக்கிறது. கௌஜியான் தானே நிலத்தில் இறங்கி வேலை செய்தான், அரசி தறியில் உட்கார்ந்தாள். பெண் 17 வயதிலும் ஆண் 20 வயதிலும் மணமாகாமல் இருந்தால் பெற்றோருக்குத் தண்டனை என்று சட்டம் போட்டான். பேறுகாலத்தை அரசுக்குத் தெரிவித்தால் அரசு மருத்துவர் வந்து உடனிருப்பார். ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு குடம் மதுவும் ஒரு நாயும், பெண் குழந்தை பிறந்தால் இரண்டு குடம் மதுவும் ஒரு பன்றியும் கொடுத்தார்கள். இரட்டைக் குழந்தைகளுக்கு உணவு, மூன்று குழந்தைகள் ஒன்றாகப் பிறந்தால் ஒரு செவிலித்தாய். பத்தாண்டு வரி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று ஆண்டுக்கான தானியம் சேர்ந்தது. பழிவாங்கும் கதையாக நமக்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, மக்கள்தொகைக் கொள்கையும் வேளாண்மையும் பொதுச் சுகாதாரமும்தான்! மேடையில் சொல்வதற்கு இது பித்தப்பை அளவுக்குச் சுவையாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. ஏழு ஆண்டு ஆனதும் கௌஜியானுக்குக் கை அரித்தது, படை கிளப்பலாமா என்றான். கொத்தப்போகும் பறவை தன் உருவத்தை மறைத்துக்கொள்ளும் என்று சொல்லி ஓர் அமைச்சர் நிறுத்தினார். கி.மு. 484-இல் ஃபூசாய், உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த வூ சிஷுவுக்கே வாளை அனுப்பித் தற்கொலை செய்துகொள்ள வைத்தான். "இப்போதாவது போகலாமா?" என்று கௌஜியான் மறுபடி கேட்டான். "இன்னும் இல்லை" என்றார் ஃபான் லி. கி.மு. 482-இல் ஃபூசாய் தன் சிறந்த படையை அழைத்துக்கொண்டு, வடக்கே அரசர்கள் கூடிய மாநாட்டில் தலைமை கேட்கப் போயிருந்தான். ஊரில் இளவரசனும் முதியவர்களும் மட்டும். அப்போதுதான் ஃபான் லி தலையசைத்தார். யுவேயின் படை தலைநகருக்குள் புகுந்தது, இளவரசன் இறந்தான். அப்போதும் வூவை முற்றாக அழிக்கத் தங்களுக்குப் பலம் போதாது என்று கணக்குப் போட்டுச் சமாதானம் செய்துகொண்டு திரும்பினார்கள். இந்தத் திரும்பிவருதலைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, கைக்கு எட்டிய வெற்றியை "இன்னும் பழுக்கவில்லை" என்று விட்டுவிட்டு வருவதற்கு அசாத்தியமான நிதானம் வேண்டும். மறுபடி போர், கடைசியில் நீண்ட முற்றுகை, கி.மு. 473-இல் வூ என்ற நாடே இல்லை. ஃபூசாய் சரணடையக் கேட்டபோது கௌஜியான் இளகினான். "இருபத்திரண்டு ஆண்டு திட்டமிட்டதை ஒரே காலையில் விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டு ஃபான் லி அதையும் தடுத்தார். வூ சிஷுவைப் பார்க்க எனக்கு முகமில்லை என்று சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு ஃபூசாய் உயிரை விட்டான்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இங்கே முடித்துவிடுவதுதான் வழக்கம். சிமா சியான் அங்கே முடிக்கவில்லை. வெற்றி கிடைத்த கையோடு ஃபான் லி நாட்டைவிட்டே போய்விட்டார். பறவைகள் தீர்ந்ததும் வில்லை மூலையில் வைப்பார்கள், முயல் செத்ததும் வேட்டைநாயைச் சமைப்பார்கள், இந்த அரசனோடு துன்பத்தைப் பங்கிடலாம், இன்பத்தைப் பங்கிட முடியாது என்று வென் ஜொங்குக்குக் கடிதம் எழுதினார். வென் ஜொங் உடம்பு சரியில்லை என்று அரண்மனைக்குப் போகாமல் இருந்தார், ஊரைவிட்டுப் போகவில்லை. அவருக்கு ஒரு வாள் வந்தது, ஒரு செய்தியோடு: "வூவை வெல்ல ஏழு வழிகள் சொல்லிக்கொடுத்தாய். மூன்றை வைத்தே வென்றுவிட்டேன். மிச்சம் நான்கு உன்னிடம் இருக்கிறது, மேலே போய் என் தந்தைக்கு அவற்றைச் செய்து காட்டு." இருபது ஆண்டு கசப்பு உண்டவன் ஆறவில்லை. பொறுமை ஒரு திறமை, அது நல்லவனுக்கும் வரும், கொடியவனுக்கும் வரும். ஃபான் லி பின்னாளில் பெயரை மாற்றிக்கொண்டு வணிகரானார். 19 ஆண்டுகளில் மூன்று முறை பெரும்பொருள் சேர்த்து, இரண்டு முறை அதை ஏழை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தாராம். சீன வணிகர்கள் தங்கள் தொழிலுக்கு முன்னோடியாக இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

கௌஜியானின் பெயர் பொறித்த வெண்கல வாள் ஒன்று 1965-இல் ஹூபெய் மாகாணத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்தது. வுஹான் நகரிலுள்ள ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 55 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், விளிம்பு இன்னும் கூர்மையாகவே இருக்கிறது.

வூ சிஷுவையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. அவருடைய தந்தையையும் அண்ணனையும் கி.மு. 522-இல் சூ நாட்டு அரசன் கொன்றான். வூவுக்குத் தப்பி ஓடி, அங்கே ஓர் அரசனை உருவாக்கி, படையை உருவாக்கி, 16 ஆண்டு கழித்துச் சூவின் தலைநகரைப் பிடித்தார். அரசன் அதற்குள் இறந்துபோயிருந்தான். கல்லறையைத் தோண்டிப் பிணத்துக்கு 300 சவுக்கடி கொடுத்தார். அவருடைய பழைய நண்பர் ஷென் பாவ்ஷு சூவின் பக்கம் நின்றவர். உதவி கேட்டுச் சின் நாட்டுக்குப் போய், அரண்மனை முற்றத்தில் ஏழு நாள் இரவும் பகலும் நின்று அழுதார் என்கிறார்கள். கடைசியில் சின் அரசன் 500 தேர்களை அனுப்பினான். ஒருவர் 16 ஆண்டு பொறுத்து அழித்ததை இன்னொருவர் ஏழு நாள் நின்று மீட்டார். இரண்டில் எது பெரிய விடாமுயற்சி என்று யாராவது கேட்டால் நான் ஷென் பாவ்ஷுவின் பக்கம்.

அரசர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன் சோங் அர். ஜின் நாட்டு இளவரசன். சிற்றன்னையின் சூழ்ச்சியால் கி.மு. 655-இல் நாட்டைவிட்டு ஓடி, நாடு நாடாக அலைந்து, 19 ஆண்டு கழித்து கி.மு. 636-இல் திரும்பிவந்து அரியணை ஏறினான். சிமா சியானின் கணக்குப்படி, புறப்பட்டபோது வயது 43, திரும்பியபோது 62. வழியில் பசித்து, ஓர் உழவனிடம் உணவு கேட்டபோது அவன் மண்ணாங்கட்டியை எடுத்துக் கொடுத்தான். இளவரசனுக்குக் கோபம் வந்தது. கூட இருந்தவர்களோ, "மண் கொடுத்தால் நாடு கிடைக்கும் என்று பொருள், வணங்கி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். இந்தத் துணைவர்கள்தான் கதையின் உயிர். கிழக்கே சீ நாட்டில் அவனுக்குப் பெண் கொடுத்து, 20 தேர்களும் குதிரைகளும் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஐந்து ஆண்டு ஆயிற்று. சொகுசு பிடித்துப்போய், இனி எங்கும் வரமாட்டேன், இங்கேயே சாகிறேன் என்றான். அவனுடைய மனைவியே துணைவர்களோடு சேர்ந்து அவனுக்கு மது ஊற்றிக் கொடுத்து, மயங்கியதும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள்! வெகுதூரம் போனபின் விழித்தவன், ஈட்டியை எடுத்துக்கொண்டு தாய்மாமன் ஹூ யானைக் குத்தத் துரத்தினான். பின்னாளில் சீனாவின் அரசர்களுக்கெல்லாம் தலைவனாகப் போகிறவன், விடாமுயற்சியின் சின்னம், குடிபோதையில் கடத்தப்பட்டுத்தான் தன் பயணத்தைத் தொடர்ந்திருக்கிறான். விடாமுயற்சி ஒருவரின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் குணம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வண்டியைத்தான் நான் காட்டுவேன்.

ஹான் ஷின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழை இளைஞன், இடையில் வாள். கடைத்தெருவில் ஒரு முரடன், "துணிவிருந்தால் என்னைக் குத்து, இல்லையென்றால் என் காலிடுக்கில் நுழைந்து போ" என்றான். ஹான் ஷின் அவனை நெடுநேரம் பார்த்துவிட்டு, குனிந்து நுழைந்து போனான். பின்னர் ஹான் பேரரசை நிறுவிய போர்களில் தலைசிறந்த தளபதியாகி, சூ நாட்டு அரசனாகத் திரும்பிவந்தபோது, அந்த முரடனைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தான். கௌஜியானுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இவன் உயரம் தெரியும். ஆனால் இவனுக்கும் முடிவு நல்லதாக இல்லை, கி.மு. 196-இல் அரசியின் சூழ்ச்சியில் கொல்லப்பட்டான்.

பொறுமைக்குப் பரிசு கிடைத்தே தீரும் என்று நினைப்பவர்கள் ஹான் பேரரசின் தூதரான ஜாங் சியானைப் பார்க்க வேண்டும். சியோங்னு என்ற புல்வெளி நாடோடிகளுக்கு எதிராக யுவேஜி இனத்தாரைக் கூட்டுச் சேர்க்க, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் அவர் மேற்கே அனுப்பப்பட்டார். வழியிலேயே பிடிபட்டுப் பத்தாண்டுக்கு மேல் சிறை. அங்கேயே மனைவி, மகன். தப்பித்து, மேலும் மேற்கே நடந்து, யுவேஜிகளைக் கண்டுபிடித்தார். அவர்கள் வளமான நிலத்தில் நிம்மதியாகக் குடியேறியிருந்தார்கள், பழைய பகைக்காகச் சண்டைபோட விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்கள். 13 ஆண்டுக்குப் பின் கி.மு. 126-இல் தலைநகர் சாங்கானுக்குத் திரும்பியபோது, புறப்பட்ட கூட்டத்தில் அவரோடு மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர். போன காரியம் முழுத் தோல்வி. அவர் கண்டதையும் கேட்டதையும் சொன்னதில்தான் மேற்கே ஃபெர்கானா, பாக்ட்ரியா என்று ஓர் உலகம் இருப்பது ஹான் அரசவைக்குத் தெளிவாகத் தெரிந்தது. பட்டுப் பாதையின் வரலாறு அங்கிருந்து எழுதப்படுகிறது. அதைத் தேடி அவர் போகவில்லை.

இனி, இந்தக் கதைகளையெல்லாம் எழுதிய கைக்கு வருகிறேன். இந்தப் பதிலே அவருக்காகத்தான்.

கி.மு. 99-இல் லி லிங் என்ற இளம் தளபதி 5,000 காலாட்படையுடன் சியோங்னுக்களின் நிலத்துக்குள் போனார். பல மடங்கு பெரிய குதிரைப்படை சூழ்ந்துகொண்டது. அம்புகள் தீரும்வரை சண்டையிட்டுப் பின்வாங்கி, உதவி வராமல், கடைசியில் சரணடைந்தார். நானூறு பேர் அளவில்தான் எல்லைக்குத் திரும்பினார்கள். அரசவையில் நேற்றுவரை புகழ்ந்தவர்கள் எல்லாரும் இன்று அவரைத் தூற்றினார்கள். அரசவை வரலாற்றாளரான சிமா சியான் மட்டும் அவருக்காகப் பேசினார். இருவரும் நெருங்கிய நண்பர்கள்கூட இல்லை, ஒரு கோப்பை மதுவை ஒன்றாகக் குடித்ததில்லை என்று பின்னால் எழுதியிருக்கிறார். ஹான் பேரரசர் வூ (பழைய வூ நாட்டோடு தொடர்பில்லாத பெயர்) அதை, தன் விருப்பத்துக்குரிய தளபதியைக் குத்திக்காட்டும் பேச்சாக எடுத்துக்கொண்டார். தீர்ப்பு மரணம்.

தப்ப இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெருந்தொகை கட்டுவது. அவரிடம் பணமில்லை, நண்பர்கள் வாய் திறக்கவில்லை. இன்னொன்று, ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்பது. அக்காலத்து மேன்மக்கள் அதற்குப் பதில் சாவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதுவே மானம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. சிமா சியான் உயிரைத் தேர்ந்தெடுத்தார். 'சிமா தான்' என்ற பெயருடைய அவர் தந்தையும் அரசவை வரலாற்றாளர். கி.மு. 110-இல் சாகும்போது மகன் கையைப் பிடித்து அழுது, தான் தொடங்கிய வரலாற்றை முடிக்கச் சொல்லியிருந்தார். நூல் பாதியில் நின்றது.

பின்னர் நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே சொல்கிறார். மனிதனுக்குச் சாவு ஒன்றுதான், அது தாய்ஷான் மலையைவிடக் கனமாகவும் இருக்கலாம், வாத்து இறகைவிட லேசாகவும் இருக்கலாம் என்ற வாக்கியம் அதில்தான் வருகிறது. குடல் ஒரு நாளில் ஒன்பது முறை புரள்கிறது, அந்த அவமானத்தை நினைக்கும்போதெல்லாம் முதுகு வியர்த்து ஆடை நனைகிறது என்றும் எழுதுகிறார். மனம் அமைதியடைந்துவிட்டது, ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நாம் பொறுமை என்றால் மனஅமைதி என்று நினைக்கிறோம். இவரிடம் அமைதி கொஞ்சமும் இல்லை, வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஃபான் லியைப் போல "இன்னும் இல்லை" என்று சொல்ல ஆள் இல்லை, வண்டியில் ஏற்றி அனுப்ப மனைவியோ மாமனோ இல்லை. சிறையில் இருந்தவர், நாடு கடத்தப்பட்டவர், கால் வெட்டப்பட்டவர் என்று துன்பத்தில் இருந்தபடி நூல் செய்த முன்னோர்களை வரிசையாகக் கடிதத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார். அவர்கள்தான் அவருக்குத் துணை.

மூங்கில் பத்தைகளில் எழுதி முடித்த நூல் 130 அத்தியாயங்கள், 5,26,500 எழுத்துகள். அந்த எண்ணிக்கையை அவரே எண்ணிக் குறித்திருக்கிறார். கௌஜியான், வூ சிஷு, சோங் அர், ஹான் ஷின் எல்லோரும் நம் காலம்வரை இவ்வளவு உயிரோடு வந்திருப்பது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். வூ சிஷுவைப் பற்றி எழுதி முடித்துவிட்டு, அவர் தந்தையோடு சேர்ந்து செத்திருந்தால் எறும்பு சாவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறார். அந்த வரியை எழுதியவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்தபின் படித்துப் பாருங்கள். அவமானத்தை விழுங்கி உயிர்வாழ்ந்தவர்களைப் பற்றி அவர் இவ்வளவு கூர்ந்து எழுதியதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அதே லி லிங்கை இன்னொரு கதையிலும் பார்க்கலாம். இது சிமா சியான் எழுதியதல்ல, அடுத்த பெரிய வரலாற்றாளரான பான் கூவின் நூலில் வருவது. கி.மு. 100-இல் சியோங்னுக்களிடம் தூது போன சு வூ பிடிபட்டார். பணிய மறுத்ததால் குழியில் அடைத்து உணவு கொடுக்காமல் விட்டார்கள். பனியையும் கம்பளி மயிரையும் மென்று உயிர்பிழைத்தார். பைகால் ஏரிக் கரைக்கு அனுப்பி, செம்மறிக் கிடாய்களை மேய்க்கச் சொன்னார்கள். கிடாய் பால் கறந்தால் ஊருக்குப் போகலாம் என்பது நிபந்தனை. எலிவளைகளைத் தோண்டி அவை சேர்த்துவைத்த புல்விதைகளைத் தின்றார். தூதுக்கோலைக் கையைவிட்டு வைக்காமல், அதிலிருந்த கவரிமயிர் எல்லாம் உதிரும்வரை அதை ஊன்றியே ஆடு மேய்த்தார். அவரைப் பணியவைக்க அனுப்பப்பட்டவர் அவருடைய பழைய நண்பரான லி லிங். உன் அண்ணனும் தம்பியும் தற்கொலை செய்துகொண்டார்கள், தாய் இறந்துவிட்டாள், மனைவி வேறு மணம் செய்துகொண்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், வாழ்க்கை காலைப் பனித்துளி, எதற்காக இப்படி வதைபடுகிறாய் என்றார். சு வூ அசையவில்லை. 19 ஆண்டு கழித்து, கி.மு. 81-இல் தலைமுடியும் தாடியும் வெளுத்துத் திரும்பினார். வழியனுப்ப வந்த லி லிங் ஆடிப்பாடி அழுதுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தாயையும் மனைவி மக்களையும் பேரரசர் ஏற்கெனவே கொன்றுவிட்டிருந்தார், அதுவும் தவறான ஒரு தகவலை நம்பி. அவருக்கும் பொறுமை இல்லை என்று யார் சொல்வது? திரும்பிப் போக அவருக்கு ஊரில் யாரும் மிஞ்சவில்லை.

சிமா சியான் எப்போது இறந்தார் என்று எந்தப் பதிவும் இல்லை. தன் நூலுக்கு ஒரு படியை மலையில் மறைத்துவைப்பதாகவும் இன்னொன்றைத் தலைநகரில் வைப்பதாகவும் எழுதியிருந்தார். அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மகள்வயிற்றுப் பேரன் யாங் யுன், அதுவும் பேரரசர் வூ இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. பான் கூ அதைப் படித்த காலத்திலேயே பத்து அத்தியாயங்கள் தலைப்போடு மட்டும் இருந்தன.